கறுப்புத் திரைக்கு யார் பொறுப்பு?

"லினக்ஸா? சர்வருக்குச் சரி சார், வீட்டுக்கு ஒத்துவராது." பாகம் பாகமாக வாங்கி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கடைக்காரர் சொன்னால் வியாபாரப் பேச்சு என்று விட்டுவிடலாம். ஐடி கம்பெனியில் நாள் முழுக்க லினக்ஸ் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவர்களும் வீட்டு மெஷின் என்று வந்தால் இதையேதான் சொல்கிறார்கள். சும்மாவும் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறார்கள். புது போர்டு, புது பிராசசர், புது கிராபிக்ஸ் கார்டு. ஆசையாக உபுண்டு பென்டிரைவைச் செருகினால் திரை கறுத்துப்போய் நிற்கிறது. இல்லையென்றால் வைஃபையைக் காணோம். இல்லையென்றால் இன்ஸ்டாலேஷன் பாதியில் உயிரை விடுகிறது. பொறுமை போய் விண்டோஸ் போட்டால் ஓடுகிறது. அப்புறம் என்ன, பழுது லினக்ஸில்தானே?

இல்லை என்பது என் கட்சி. புதிதாகச் சேர்த்த மெஷினில் லினக்ஸ் ஏறாதபோது பழுது பல நேரம் வேறெங்கோ இருக்கிறது: பயாஸில், ரேமில், சில சமயம் பிராசசரிலேயே. லினக்ஸ் முதலில் போய் அதில் முட்டிக்கொள்வதால் பழி அதன் தலையில் விழுகிறது. லினக்ஸ் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் ஊர் சொல்லும் குறை வேறு, உண்மையில் இருக்கும் குறை வேறு.

முதலில் அந்த 'விண்டோஸ் போட்டால் ஓடுகிறதே' என்ற துருப்புச்சீட்டு. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை பிராசசர்களிலிருந்து பயாஸில் விஎம்டி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது ஆனில் இருந்தால் விண்டோஸ் இன்ஸ்டாலரின் கண்ணுக்கு எஸ்எஸ்டி தெரியாது. டிஸ்க் பட்டியல் காலியாகக் கிடக்கும். இன்டெல்லின் டிரைவரைத் தனியே இறக்கி, பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்து இழுத்துவர வேண்டும். லினக்ஸ் கர்னலுக்குள் அந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் 11 இன்னும் ஒரு படி மேலே போய், இன்டர்நெட் இல்லாமல் செட்டப்பை முடிக்க விடமாட்டேன் என்கிறது. போர்டில் உள்ள லேன் சிப் புதிது என்றால் இன்ஸ்டாலருக்கு அதை அடையாளம் தெரியாது. இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும். ஷிஃப்ட்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தி, திறக்கும் ஜன்னலில் ஒரு கட்டளையை அடித்து இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறும் வித்தை சர்வீஸ் பையன்களுக்கு மனப்பாடம். 2025இல் மைக்ரோசாஃப்ட் அந்த வழியையும் தன் சோதனைப் பதிப்புகளில் அடைக்கத் தொடங்கியது.

இவற்றில் எதையும் யாரும் விண்டோஸின் குறை என்று சொல்வதில்லை. "டிரைவர் போடணும் சார்" என்பார்கள், நாமும் தலையாட்டுவோம். அதே வேலையை லினக்ஸில் செய்ய நேர்ந்தால் அதற்குப் பெயர் 'லினக்ஸ் தகராறு'. கடையில் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து விண்டோஸுக்குச் செய்த சேவகத்தை நாம் பார்க்கவில்லை. நம் மேஜைக்கு வரும்போது அது ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸை மட்டும் நாமே, வெறும் மெஷினில், முதல்முறையாகப் போடுகிறோம். இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு எழுதப்படுகிறது.

கம்பெனி லேப்டாப்பில் இந்த போர்டுக்கு இந்த ரேம், இந்த பயாஸ், இந்த டிரைவர் என்று சேர்த்து ஓட்டிப் பார்க்க ஆள் வைத்திருப்பார்கள். அசெம்பிள் செய்த மெஷினில் அந்த ஆள் யார்? பிராசசர் ஒரு நிறுவனம், போர்டு ஒன்று, ரேம் ஒன்று, பவர் சப்ளை இன்னொன்று. இந்தக் கூட்டணி சேர்ந்து வேலை செய்கிறதா என்று முதலில் சோதிப்பவர் வாங்கியவர்தான். அந்தச் சோதனை எப்படியெல்லாம் போகும் என்பதற்கு 2019இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த வருடம் ஜூலை 7 அன்று ஏஎம்டியின் ரைசன் 3000 வரிசை விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் அப்போது புதிதாயிருந்த உபுண்டு 19.04-ஐப் போட்டார்கள், பூட் ஆகவில்லை. பழைய 18.04-ஐப் போட்டார்கள், பூட் ஆனது. இந்த இரண்டு தகவலை மட்டும் கொடுத்து யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: புது உபுண்டுவில் எதையோ கெடுத்துவிட்டார்கள்.

நடந்தது வேறு. கேட்கும்போதெல்லாம் ஊகிக்க முடியாத ஓர் எண்ணைத் தருவதற்கு பிராசசருக்குள்ளேயே ஆர்டிராண்ட் என்றொரு கட்டளை உண்டு. ரைசன் 3000இல் எப்போது கேட்டாலும் ஒரே எண்தான் வந்தது, எல்லா பிட்டும் 1. 'எண் சரியாகத் தரப்பட்டது' என்ற முத்திரையோடு வேறு வந்தது, அதுதான் கொடுமை. லினக்ஸ் கிளம்பும்போது பின்னணிச் சேவைகளை எழுப்பிவிடுவது சிஸ்டம்டி என்ற நிரல். ஒவ்வொரு முறை ஒரு சேவையை எழுப்பும்போதும் அதற்குத் தனி அடையாள எண் ஒன்றைச் சூட்டும். சிஸ்டம்டியின் புதிய பதிப்புகள் அந்த எண்ணை நேராக பிராசசரிடம் கேட்டன. எல்லாச் சேவைக்கும் ஒரே எண் விழுந்தது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருக்க முடியாது என்று சிஸ்டம்டி மறுக்க, மெஷின் அங்கேயே நின்றது. பழைய பதிப்பு பிராசசரிடம் கேட்கவில்லை, அதனால் பிழைத்தது.

அதே நாட்களில் அதே பிராசசரில் விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு டெஸ்டினி 2 என்ற விளையாட்டு திறக்க மறுத்தது. காரணம் இதே ஆர்டிராண்ட்தான். ஏஎம்டி திருத்திய பயாஸை போர்டு நிறுவனங்களுக்கு அனுப்பியது. பயாஸை அப்டேட் செய்தவர்களுக்கு உபுண்டுவும் ஏறியது, விளையாட்டும் திறந்தது. ஆனால் பேச்சு எப்படி நிலைத்தது என்று பாருங்கள். விண்டோஸ்காரர்களுக்கு அது ஒரு விளையாட்டின் கோளாறு. லினக்ஸ்காரர்களுக்கு அது லினக்ஸின் கோளாறு. சிப்பின் கோளாறு என்பது பின்னால் மெல்ல வந்த செய்தி, அதைப் படித்தவர்களும் குறைவு.

இது ஒன்று மட்டும் என்றால் விதிவிலக்கு எனலாம். 2017இல், முதல் ரைசன் வந்த வருடம், லினக்ஸில் பெரிய நிரல்களை எல்லா கோரையும் முடுக்கிவிட்டு கம்பைல் செய்தவர்களுக்குக் கம்பைலர் இடையிடையே விழுந்துகொண்டே இருந்தது. கம்பைலர் பிழை என்றார்கள், கர்னல் பிழை என்றார்கள். கடைசியில் ஏஎம்டியே சிப்பில் பிரச்சினை உண்டு என்று ஒப்புக்கொண்டு பிராசசரை மாற்றிக் கொடுத்தது. 2024இல் இன்டெல்லின் முறை. 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் தேவைக்கு அதிகமான வோல்டேஜை இழுத்துத் தம்மைத் தாமே கெடுத்துக்கொண்டன. விண்டோஸில் விளையாடியவர்களுக்குத் திரையில் வந்த செய்தியோ 'வீடியோ மெமரி போதவில்லை' என்பது. பாவம் என்விடியா டிரைவரை எத்தனை பேர் கழற்றி மாட்டினார்களோ! அந்த ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. பழுது எங்கே தெரிகிறதோ அங்கேயே இருக்கிறது என்று நம்புவதன் விலை இதுதான். அந்த நம்பிக்கை லினக்ஸ் விஷயத்தில் மட்டும் அசைக்க முடியாத சித்தாந்தமாகிவிட்டது.

பெரிய நிறுவனங்களின் கதையை விடுங்கள். என் அக்கா மகனின் மெஷினைச் சொல்கிறேன். ரைசன் 7000 வரிசை பிராசசர், நான்கு டிடிஆர்5 ரேம் ஸ்டிக். கடையில் விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு எப்போதாவது டெஸ்க்டாப்பில் வந்து விழும். விளையாட்டே அப்படித்தான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கல்லூரி வேலைக்காக இரண்டாவது எஸ்எஸ்டியில் உபுண்டு போடப்போனபோது இன்ஸ்டாலர் செத்தது. திரும்பப் போட்டால் திரும்பச் செத்தது. கடைக்குப் போன் அடித்தான். "லினக்ஸ்னா அப்படித்தான் தம்பி" என்று பதில். "மாமா, லினக்ஸ் வேணாம் மாமா, விண்டோஸே இருக்கட்டும்" என்று என்னிடம் வந்து நின்றான்.

நான் பார்த்தது ஒன்றைத்தான்: இன்ஸ்டாலர் எங்கே சாகிறது? ஒருமுறை எழுத்துருக் கோப்பை விரிக்கும்போது, இன்னொரு முறை பிரவுசரை விரிக்கும்போது, அடுத்து வேறெங்கோ. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி விழுந்தால் ரேமைப் பார். உபுண்டு பென்டிரைவில் மொத்த அமைப்பும் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது. விரிக்கும்போது நடுவில் ஒரு பிட் புரண்டாலும் கணக்கு இடித்து நின்றுவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினோம், சிவப்பு வரிகள் கொட்டின. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்போ என்ற ஏற்பாட்டைக் கடையில் ஆன் செய்து 6000இல் ஓட்டியிருக்கிறார்கள். பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறதே என்பது அவர்கள் நியாயம். பெட்டியில் போட்டிருப்பது ரேம் நிறுவனத்தின் எண். ரைசன் 7000இல் நான்கு ஸ்டிக் மாட்டினால் ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகம் 3600தான். 3600இல் வைத்ததும் மெம்டெஸ்ட் சுத்தமாக முடிந்தது, உபுண்டு ஏறியது, விளையாட்டு விழுவதும் நின்றது. உபுண்டு வராமலிருந்தால் அந்த ரேம் சத்தமில்லாமல் அவனுடைய கோப்புகளைக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

இனி லினக்ஸ் பக்கத்துக் குறை. இதில் நம் லினக்ஸ் ஆர்வலர்களுக்கும் பங்கு உண்டு. புதியவர் யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்திமதி சொல்வார்கள்: "எல்டிஎஸ் போடு, அதுதான் ஸ்டேபிள்." புது மெஷினுக்கு இது தப்பான புத்திமதி. லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கர்னலுக்குள்ளேயே வருகின்றன. ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதுக் கர்னல் வெளியாகிறது. எல்டிஎஸ் என்ற நெடுங்கால ஆதரவுப் பதிப்போ வெளியாகும்போது ஏதோ ஒரு கர்னலில் உறைந்து நிற்கிறது. உபுண்டு 22.04 வந்தபோது அதில் இருந்தது 5.15. அதே 2022 டிசம்பரில் ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7900 வந்தது. தனக்குப் பின்னால் பிறந்த கார்டை 5.15 எப்படி அறியும்? 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 வந்தபோது 24.04-இன் முதல் பென்டிரைவில் இருந்தது 6.8. அதே கதைதான். மீடியாடெக்கின் எம்டி7925 என்ற வைஃபை 7 சிப் புது போர்டுகள் பலவற்றில் இருக்கிறது. அதற்கு 6.7 கர்னலாவது வேண்டும். டெபியன் 12 கொண்டுவருவது 6.1. போட்டவர் கண்ணுக்கு 'வைஃபை இல்லை' என்பது மட்டும் தெரியும். 'லினக்ஸில் வைஃபை வராது' என்று ஊருக்குச் சொல்வார். அவர் போட்டது பழைய லினக்ஸ்.

மருந்து சிரமமானதில்லை. 24.04 என்றால் முதல் பதிப்பை இறக்காமல், 6.14 கர்னலோடு 2025 ஆகஸ்டில் வந்த 24.04.3-ஐ இறக்க வேண்டும். அல்லது கர்னலைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போகும் ஃபெடோராவைப் போடலாம். ஐந்து வருடப் பழைய மெஷினுக்கு எல்டிஎஸ் அருமை. நேற்று சந்தைக்கு வந்த போர்டுக்கு அது பொருந்தாது என்று சொல்லிக்கொடுக்காமல், அவதிப்பட்டு வந்தவரிடம் "எங்கிட்ட நல்லாத்தானே ஓடுது" என்று அலட்டிக்கொள்கிற நம் ஆட்களைவிட லினக்ஸுக்கு வேறு எதிரி வேண்டியதில்லை.

என்விடியா விஷயத்திலும் எதிர்க்கட்சிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறேன். நெடுங்காலம் அந்த நிறுவனம் தன் டிரைவரின் மூலநிரலைப் பூட்டியே வைத்திருந்தது. வெளியாட்கள் கார்டைத் தட்டிக் கொட்டிப் பார்த்து எழுதிய நூவோ டிரைவர்தான் லினக்ஸோடு வந்தது. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவுக்கு நேராக நடுவிரலைக் காட்டி என்விடியாவைத் திட்டியது உலகறிந்தது. 2022 மே மாதம்தான் டிரைவரின் கர்னல் பகுதியை என்விடியா திறந்துவிட்டது. இன்றும் புது என்விடியா கார்டில் இன்ஸ்டாலர் திரை கறுப்பானால், பூட் மெனுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' தேர்ந்தெடுத்து உள்ளே போய், பிறகு என்விடியா டிரைவரைப் போட வேண்டும்.

அதற்கு அடுத்த கட்டத்தில்தான் லினக்ஸ் உண்மையிலேயே சொதப்புகிறது. கையொப்பம் சரிபார்க்காமல் எதையும் ஏற்றவிடாத செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். எதற்கென்று புரியும்படி சொல்லாது. ரீபூட் செய்தால் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று பத்து விநாடி கவுண்ட்டவுன் ஓடும். விண்டோஸ் உலகத்திலிருந்து வந்தவருக்கு நீலத் திரை என்றால் என்ன அர்த்தம்? பதறிப்போய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார். பத்து விநாடி முடிந்ததும் மெஷின் தன்பாட்டுக்கு பூட் ஆகும்; டிரைவரின் கையொப்பத்துக்கான சாவி பதிவாகாததால் டிரைவர் ஏறாது. உண்மையில் அங்கே 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து, முன்பு கொடுத்த பாஸ்வேர்டை அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். இந்தத் திரையை இத்தனை வருடமாக இப்படியே வைத்திருப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. லினக்ஸைத் திட்ட வேண்டுமென்றால் இதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் ஊர் அங்கே திட்டுவதில்லை. அது நேராக வைத்தியத்துக்குப் போய்விடுகிறது: "ஃபார்மட் போட்டுரலாம்." விண்டோஸ் காலத்தில் சர்வீஸ் கடைகள் பழக்கிவிட்ட வைத்தியம். லினக்ஸ் வட்டாரத்தில் அதன் மறுபெயர் "வேற டிஸ்ட்ரோ போட்டுப் பாரு". உபுண்டு போய் மின்ட், மின்ட் போய் மஞ்சாரோ. அதில் ஒன்று ஓடிவிட்டால், புதிய கர்னல் இருந்ததால் ஓடியது என்பது தெரியாமல் மின்ட் மட்டம், மஞ்சாரோ ஒசத்தி என்று ஒரு புராணம் உருவாகும். எதுவும் ஓடாவிட்டால் லினக்ஸே மட்டம். இரண்டிலும் பழுது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. ஃபார்மட் பழுதைத் தீர்ப்பது அரிது, தடயத்தை அழிப்பதோ நிச்சயம்.

தடயம் என்றேன். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை 'கே' என்ற விருப்பத்தோடு அடித்தால் போர்டில் பிசிஐ வழியாக இணைந்திருக்கும் ஒவ்வொரு சாதனமும் ஒரு வரியாக வரும், அதன் கீழேயே எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்றும் வரும். வைஃபை சிப்புக்குக் கீழே அந்த வரி இல்லையென்றால், சிப் உயிரோடு இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை என்று பொருள். புதிய கர்னலைத் தேடலாம். சிப்பின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் எந்த டிஸ்ட்ரோ போட்டும் பயனில்லை, பயாஸையோ செருகலையோ பார்க்க வேண்டும். டிரைவர் இருந்தும் வேலை செய்யாவிட்டால் டிமெஸ்ஜி என்று அடித்து கர்னலின் நாட்குறிப்பைப் பார்க்கலாம். இன்ன ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று கோப்பின் பெயரோடு எழுதியிருக்கும். -2 என்றால் கோப்பு அங்கே இல்லை. ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்தால் வந்துவிடும். விண்டோஸிலும் இப்படிப் பதிவேடு உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதைத் திறந்து பார்க்கிற சர்வீஸ் கடையைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.

'இதையெல்லாம் படித்துப் புரிந்துகொள்ள சாதாரண ஆளால் முடியுமா?' என்பது கடைசி ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் சாதாரண ஆள் பயாஸ் அப்டேட் செய்வாரா, விஎம்டியை அணைப்பாரா, ரேம் வேகத்தைச் சரிபார்ப்பாரா? அதற்குத்தானே கடையில் அசெம்பிளிங் சார்ஜ் வாங்குகிறார்கள்? கேபிளை ஒழுங்காகக் கட்டி, கலர் விளக்கு எரியவைத்துக் கொடுப்பதோடு அந்த வேலை முடிவதில்லை. பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன், அங்கேயே மூன்று காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். பயாஸைப் புதுப்பிக்கட்டும். மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுமையாக ஓடட்டும். இரவு முழுக்க ஓடவிட்டால் இன்னும் நல்லது. பிறகு நீங்கள் கொண்டுபோன புதிய லினக்ஸ் பென்டிரைவைச் செருகி, இன்ஸ்டால் செய்யாமலே லைவாக பூட் செய்து வைஃபை, சவுண்டு, லேன், கிராபிக்ஸ் நான்கையும் பார்த்துவிடுங்கள். டிடிஆர்5 மெஷின் முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்பாகவே நிற்கும். அதற்குள் யாரையும் பவரை அணைக்க விடாதீர்கள்.

சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். "லினக்ஸ் போட்டா வாரண்டி போயிடும் சார்" என்பார்கள், காலங்காலமாகச் சொல்லிவரும் வசனம் அது. அசெம்பிள் செய்த மெஷினில் வாரண்டி என்பது பிராசசர், போர்டு, ரேம் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் அதைத் தயாரித்தவர் தருவது. எந்த ஓஎஸ் ஓடுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தான் அறிவித்த வரம்பைத் தாண்டி ரேமை ஓட்டினால் வாரண்டி செல்லாது என்று ஏஎம்டி தன் நிபந்தனையில் எழுதியே வைத்திருக்கிறது. நான்கு ஸ்டிக்கை 6000இல் ஓட்டும் எக்ஸ்போ அந்த வரம்புக்கு வெளியேதான் இருக்கிறது. அதை உங்களைக் கேட்காமலே ஆன் செய்து கொடுத்தவர் யார் என்று அந்த கவுண்டரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.